ஜெனரேட்டருக்குக் கீழே, ஜீப் டயருக்கு மேலே

உ
முருகன் துணை

திருத்தணி,
ஜூலை 9

அன்பு மகள் புவனாவுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஏதோ இருக்கிறோம். என் வலது முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷும் குழந்தை எஸ்தரும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும்.

மேலே பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன். நீ பைபிள் வசனம் போட்டுக் கடிதம் தொடங்கும்போது நான் ஏதாவது சொன்னேனா? அதுபோல நீயும் கண்டுகொள்ளாமல் மேலே படி.

போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். நான்கு மாதமாக நீ போன் செய்யும்போதெல்லாம் நான் கடைக்குப் போயிருப்பதாகவும் தூங்குவதாகவும் உன் அம்மா சொன்னது பொய். நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். ஆப்பிரிக்காவில் உங்கள் மலாவியில் ஆஸ்பத்திரி தண்ணீர் டேங்க் அடியில் நின்றால்தான் டவர் கிடைக்கிறது, அதுவும் பாதியில் அறுந்து போகிறது. பாதி திட்டிவிட்டு நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. அதனால் முழுதாக எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அனிதா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். படிக்காமல் எடு என்று சொன்னேன். உங்கள் கையெழுத்தைப் படிக்க என் காலேஜில் தனி கோர்ஸ் கிடையாது தாத்தா என்கிறாள். வாய்க்கொழுப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பின்தெரு நிர்மலா டீச்சர் சபையைச் சேர்ந்த நான்கு பெண்களோடு நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை சாத்துக்குடி. சாத்துக்குடியைப் பார்த்ததும், நமக்குத் தெரியாமல் நமக்கு ஏதோ பெரிய வியாதி வந்துவிட்டதா என்று ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். உங்களுக்காக ஜெபிக்க வந்தோம் ஐயா என்றார்கள். வீடு தேடி வந்தவர்களை வேண்டாம் என்று சொல்லக் கூடாது, செய்யுங்கள் என்றேன். என்னை நடுவில் உட்கார வைத்து, சுற்றி நின்று, பத்து நிமிடம் கண்ணை மூடி என் பெயரைச் சொல்லிச் சொல்லி ஜெபித்தார்கள். உன் அம்மா போட்ட காபி ஆறிப் போனது. முடிந்த பிறகு, என் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். டீச்சர் கள்ளம் கபடமில்லாமல் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

மாதாமாதம் நீயும் மாப்பிள்ளையும் உங்கள் ஊழியத்தைத் தாங்குகிற சபைகளுக்கெல்லாம் அனுப்புகிற ஜெப மடல் அது. முதல் பக்கம் போட்டோ, பின்பக்கம் ஜெபக் குறிப்புகள். மூன்றாவது, ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் பழுது நீங்கும்படியாக. ஐந்தாவது, ஜீப்புக்குப் புது டயர் கிடைக்கும்படியாக. நடுவில் நான்காவது: இருளில் இருக்கும் என் தகப்பனார் திருத்தணி துரைக்கண்ணு அவர்களின் கண்கள் திறக்கப்படும்படியாக.

என் கண்புரை ஆபரேஷன் போன வருடமே முடிந்துவிட்டது புவனா. உனக்கும் சொன்னோம்.

அரக்கோணம் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் கீமேன் வேலை பார்த்தவன் நான். சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு சாவி கழன்றிருக்கிறதா, ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று தண்டவாளத்தைத் தட்டித் தட்டி நடந்தவன். மழைக்காலத்தில் கையில் விளக்கோடு போனவன். அந்த வெளிச்சத்தில்தான் நீ வேலூர்ப் பக்கம் நர்சிங் படித்தாய். அங்கே போய் வேறு சாமியைக் கண்டுபிடித்தாய். அரக்கோணம் சர்ச்சில் உன் கல்யாணத்துக்கும் நான் வந்தேன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பிரியாணியும் சாப்பிட்டேன், அது வேறு விஷயம். இவ்வளவுக்கும் பிறகு நான் இருளில் இருக்கிறேன் என்று முந்நூறு வீட்டுக்கு அச்சடித்து அனுப்பியிருக்கிறாய். அதுவும் ஜெனரேட்டருக்குக் கீழே, ஜீப் டயருக்கு மேலே. இப்போது அரக்கோணம் ரயிலில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், இவர் மடல் வாங்குகிறவரோ என்று தோன்றுகிறது.

டிசம்பரில் உங்களுக்கு இரண்டு மாத விடுமுறை என்றும், நான்கு வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வருகிறீர்கள் என்றும் உன் அம்மா சொன்னாள். நம் வீட்டில் தங்கலாமா, இல்லை அரக்கோணம் சபை விடுதியில் தங்குவதா என்று என்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னாயாம். எல்லாவற்றையும் என்னைக் கேட்டுத்தான் செய்தாயா? விடுதியில் நல்ல காற்று வரும் என்று கேள்வி. எது வசதியோ அப்படிச் செய்யுங்கள்.

எஸ்தருக்கு ஒன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை என்று கவலைப்படாதே. நீயும் இரண்டு வயது வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு மூடவேயில்லை. கொசுவலை இல்லாமல் குழந்தையைப் படுக்க வைக்காதே.

இப்படிக்கு,
துரைக்கண்ணு


உ
முருகன் துணை

திருத்தணி,
ஆகஸ்ட் 24

அன்பு மகள் புவனாவுக்கு,

உன் நான்கு பக்கக் கடிதத்தை அனிதா பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். அது இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, முழுதும் படிக்கவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை முதல் வரியிலேயே இருந்தது, அதோடு மடித்து வைத்துவிட்டேன். அதைப் படிப்பதற்கு முன்பு இங்கே நடந்ததை நான் சொல்லியாக வேண்டும்.

என் கோபம் நிர்மலா டீச்சர் காதுக்குப் போயிருக்கிறது. ஒருநாள் தனியாக வந்தார். கும்பலாக வந்தது தப்புதான் ஐயா என்றார். என் நடையைப் பார்த்துவிட்டு, முட்டிக்குப் பயிற்சி கொடுக்கிற இடம் அரக்கோணத்தில் இருக்கிறது, தினமும் நான் அந்தப் பக்கம்தான் பள்ளிக்கூடம் போகிறேன், வாரம் இரண்டு நாள் ஸ்கூட்டியில் ஏறுங்கள் என்றார். ஏறினேன். அறுபத்தைந்து வயதில் ஸ்கூட்டி பின்சீட்டில் உட்கார்ந்து போகிறேன். ஊரே பார்க்கிறது. பார்க்கட்டும், முட்டி வலி ஊருக்கா இருக்கிறது?

அப்படிப் போகும்போது ஒருநாள் அவரிடம் கேட்டேன், இந்த மடலில் இதற்கு முன்பும் என் பெயர் வந்திருக்கிறதா என்று. அவர் நான்கு வருட மடலையும் ஒன்று விடாமல் கோப்பில் போட்டு வைத்திருக்கிறார். கொடுத்தார். என் பெயர் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணி, அந்தக் கணக்கோடு உன்னிடம் இன்னொரு சண்டை போடலாம் என்றுதான் வாங்கினேன். உண்மையைச் சொல்கிறேன்.

படிக்கப் படிக்க என் பெயரைத் தேடுவது மறந்து போனது. போனில் நீ எப்போதும் நல்லா இருக்கோம் நைனா என்பாய், நானும் சரி சரி என்பேன். நான்கு வருடமாக அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மக்காச்சோள மாவுக் களியை மாப்பிள்ளை முதல் மாதம் அழுதுகொண்டே தின்றதும், இப்போது இரண்டாம் தடவை கேட்டு வாங்குவதும் அதில்தான் தெரிந்தது. பள்ளிக்கூடச் சுவருக்கு அவரே செங்கல் அறுத்தாராமே. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் மூன்று ஊர் போய் வருகிறாராமே. ஜெபக் கூட்டத்துக்கு வந்த ஒரு கிழவி, கொடுக்க வேறொன்றும் இல்லை என்று உன் கையில் ஒரு முட்டையை வைத்ததும், அந்த முட்டையை நீ இரண்டு நாள் உடைக்காமல் வைத்திருந்ததும் படித்தேன். கரண்ட் போன நேரத்தில் செல்போன் டார்ச்சை ஒருத்தி பிடிக்க நீ பிரசவம் பார்த்ததை ஐந்து மடலில் எழுதியிருக்கிறாய். அப்போதுதான் எனக்கு அந்த ஜெனரேட்டர் புரிந்தது.

இரண்டாவது வருட அக்டோபர் மடலில் ஜெபக் குறிப்பு ஒன்று: ஐந்தாம் மாதத்தில் நாங்கள் இழந்த எங்கள் முதல் குழந்தைக்காகவும், புவனாவின் சரீர சுகத்துக்காகவும்.

அதை மூன்று தடவை படித்தேன். பிறகு உன் அம்மாவைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தாள். சமையலறைக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களையெல்லாம் எடுத்துத் திரும்பவும் கழுவினாள். அந்த அக்டோபரில் உன் குரல் கம்மிப் போயிருந்ததாம், சளி என்று சொன்னாயாம். கஷாயம் வைத்துக் குடி என்று சொன்னாளாம். கஷாயமா சொன்னேன், கஷாயமா சொன்னேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்தது துக்கமா கோபமா தெரியவில்லை. முந்நூறு அந்நியருக்குத் தெரிந்தது பெற்றவர்களுக்குத் தெரியவில்லையே, எங்களை என்னவென்று நினைத்தாள் உன் மகள் என்று அவளிடம்தான் கத்தினேன். நமக்குத் தெரிந்திருந்தால் உடனே அந்த ஊழியம் வேண்டாம், மூட்டை கட்டிக்கொண்டு வா என்றுதான் சொல்லியிருப்போம், அது அவளுக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை என்றாள். சரி, அதை விடு, என்னை இருள் என்று எழுதியது மட்டும் நியாயமா என்று கேட்டேன். அதற்கு உன் அம்மா சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"அவ பேப்பர்ல போட்டா. நீங்க மாசா மாசம் முருகனாண்ட போய் சொல்லிகினு கீறீங்க. ரெண்டுத்துக்கும் இன்னா வித்யாசம்?"

புவனா, இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் கல்யாணம் ஆன மாதத்திலிருந்து ஒவ்வொரு கிருத்திகைக்கும் மலையேறி உன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன். குருக்கள் கேட்பதற்கு முன்பே, புவனா, உத்திர நட்சத்திரம், கன்னி ராசி என்று சொல்லிவிடுவேன். அவர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, முருகா, என் பெண்ணுக்கு நல்ல புத்தியைக் கொடு, அவள் கண்ணைத் திறந்து நம் வழிக்கே திருப்பி அனுப்பு என்று வேண்டிக்கொள்வேன். கண்ணைத் திற என்றுதான் நானும் கேட்டிருக்கிறேன், அதே வார்த்தை. உன்னிடம் கேட்டுவிட்டா செய்தேன்? நீ முந்நூறு பேரிடம் சொன்னாய். நான் ஒருவரிடம்தான் சொன்னேன், ஆனால் ஆறு வருடமாகச் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஆடிக் கிருத்திகைக்கும் பூக்காவடி எடுத்தேன். வேண்டாம் என்று டாக்டரும் டீச்சரும் சொன்னார்கள். சரவணப் பொய்கையில் குளித்து, படிக்குப் படி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். காவடியைச் செலுத்திவிட்டு அர்ச்சனைக்கு நின்றேன். வழக்கம்போல உன் பெயரும் நட்சத்திரமும் சொன்னேன். வேண்டுதல் ஒன்றும் வரவில்லை. பெயர் மட்டும் போதும் என்று விட்டுவிட்டேன். வேறு யார் பெயருக்காவது உண்டா என்று குருக்கள் கேட்டார். உண்டு என்றேன். பெயர் என்ன என்றார். பெயர் வைக்கவில்லை. நட்சத்திரம் என்றார். தெரியாது. பின்னால் கூட்டம் தள்ளுகிறது, அவர் தட்டோடு நிற்கிறார். கடைசியில் சாமி பெயருக்கே செய்துவிடுங்கள் என்றேன். அந்தக் குழந்தைக்குத் தாத்தாவாக நான் செய்தது அது ஒன்றுதான். உனக்கு இது பிடிக்குமோ பிடிக்காதோ, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இறங்கும்போது பஸ்ஸில் இறங்கினேன். முட்டி வீங்கி நான்கு நாள் படுக்கை. சாத்துக்குடி திரும்பவும் வந்தது, இந்தத் தடவை கும்பல் இல்லாமல்.

இனிமேல் உன் கடிதத்தை எடுத்துப் படிக்கப் போகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா.

இப்படிக்கு,
உன் நைனா


உ
முருகன் துணை

திருத்தணி,
நவம்பர் 12

அன்பு மகள் புவனாவுக்கும், மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷுக்கும், இன்னும் வாய் திறக்காத எங்கள் பேத்திக்கும் ஆசீர்வாதம்.

உன் பழைய கடிதத்தையும் படித்தேன், புதுக் கடிதத்தையும் படித்தேன். சாமி பெயருக்கு அர்ச்சனை செய்ததைப் படித்துவிட்டு நீ தண்ணீர் டேங்க் அடியிலேயே உட்கார்ந்து அழுதாய் என்றும், அது பிடித்ததா பிடிக்கவில்லையா என்று உனக்கே தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதை அப்படியே விட்டுவிடுவோம்.

இருளில் என்று எழுதியது ஊழியக்காரர்கள் வழக்கமாக எழுதுகிற வார்த்தை, யோசிக்காமல் எழுதிவிட்டேன் என்றாய். சரி. அதற்கு அடுத்த வரியில், நைனா, நீங்கள் இல்லாத பரலோகத்தில் நான் போய் என்ன செய்வேன், அந்தப் பயத்தில்தான் எழுதினேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவளே எடுத்துப் படித்துவிட்டாள். உன்னைப் பெற்ற நாளிலிருந்து உன் பயத்தையெல்லாம் நான் ஏதாவது சொல்லி விரட்டியிருக்கிறேன், இதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. ஒன்று மட்டும் தோன்றுகிறது. பரலோகம் எங்கேயும் ஓடிப்போகாது. முதலில் வீட்டுக்கு வா.

ஆம், நம் வீட்டுக்குத்தான். விடுதிக்கு எழுதி அறையை வேண்டாம் என்று சொல்லிவிடு. அங்கே காற்றே வராது என்று இப்போது கேள்விப்பட்டேன்.

மாடி அறையை வெள்ளையடித்துவிட்டேன். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாயிற்று. குழந்தை உருண்டு விழாமல் படிக்கட்டுக்குக் கீழும் மேலும் தடுப்பு போட்டிருக்கிறேன். அதைத் தாண்டி நான்தான் ஏற முடியாமல் தவிக்கிறேன். கிழக்குச் சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். ரயில்வே ஆணி, நூறு கிலோ தாங்கும். அதில் நான் எதையும் மாட்டவில்லை. கீழே பூஜை அறை எப்போதும்போல இருக்கும், காலையில் மணி அடிப்பேன். மேலே நீங்கள் பாடினால் நான் காதைப் பொத்திக்கொள்ள மாட்டேன். மாப்பிள்ளைக்கு நல்ல குரல் என்று மடலில் நீ எழுதியிருந்தாய். மனைவி சொல்வதை நம்புவதற்கில்லை, கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

உன் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போடுகிறாள். கிருத்திகை அன்று வீட்டில் மீன் கூடாது. மற்ற நாளில் மாப்பிள்ளைக்கு அவளே குழம்பு வைப்பாளாம். எனக்கும் அவள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். எஸ்தருக்கு மலையில் மொட்டை போடுவது பற்றி நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேச மாட்டேன். அந்த ஒரு வார்த்தை இதோடு முடிந்தது.

டிசம்பர் முப்பத்தொன்று இரவு மலையில் படித் திருவிழா, நான் படியோரம் நின்றாவது பாட்டைக் கேட்க வேண்டும். அதே இரவு உங்களுக்குச் சர்ச்சில் வருடக் கடைசி ஆராதனை என்று டீச்சர் சொன்னார். அப்படியானால் குழந்தை யாரிடம் இருக்கும் என்று நான் கேட்டதற்கு, உன் அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"நீங்க எல்லாரும் அவங்கவங்க சாமியாண்ட போய்ட்டு வாங்க. கொயந்த என்னாண்ட இருக்கட்டும்."

அவள் ஆசை நம் ஆசையைப்போல வானத்தில் இல்லை, இடுப்பில் வைத்துக்கொள்ள ஓர் எஸ்தர், அவ்வளவுதான். விடிந்ததும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து இட்லி சாப்பிடுவோம்.

உங்கள் ஊர்ச் சபைப் பெண்கள் என் முட்டிக்காக மூன்று வாரம் ஜெபித்தார்கள் என்றும், என் பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் துலைகன்னு, துலைகன்னு என்று பாட்டாகவே பாடினார்கள் என்றும் எழுதியிருந்தாய். முன்பு என்றால் கோபம் வந்திருக்கும். இப்போது ஸ்கூட்டியில் போகும்போது அதை நினைத்துச் சிரிக்கிறேன். முட்டி தேவலை என்று அவர்களிடம் சொல். டாக்டர் பயிற்சியால் என்கிறார், டீச்சர் ஜெபத்தால் என்கிறார், உன் அம்மா தன் விளக்கெண்ணெயால் என்கிறாள். நான் யாரையும் மறுத்துப் பேசுவதில்லை. மலையிலும் ஒரு தேங்காய் உடைத்துவிட்டேன்.

உனக்காக அர்ச்சனையை நிறுத்தப் போவதில்லை. பெயர், நட்சத்திரம், ராசி, அதோடு முடித்துக்கொள்வேன். புத்தி எல்லாம் உனக்கு ஏற்கனவே இருக்கிறது. எனக்காக நீ ஜெபிப்பதையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை. இனி என் பெயரை அச்சில் போடமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாய். அந்தச் சத்தியத்தை நான் திருப்பித் தருகிறேன். நவம்பர் மடல் இன்னும் போகவில்லை என்றால், என்னைப் பற்றி இப்படிப் போடு. வார்த்தையை மாற்றாதே, நானே யோசித்து எழுதியது:

திருத்தணியில் இருக்கும் என் தகப்பனார் துரைக்கண்ணு, வயது அறுபத்தைந்து, தன் மகளையும் மருமகனையும் பேத்தியையும் டிசம்பரில் கண்ணாரக் காணும்படியாக.

ஜெனரேட்டருக்குக் கீழேயே போடு. பிரசவத்துக்கு வெளிச்சம்தான் முதலில் வேண்டும். ஜீப் டயருக்கு மேலே இருந்தால் எனக்குப் போதும். அன்றைக்கும் நீ எனக்குக் கொடுத்த இடம் சரியாகத்தான் இருந்திருக்கிறது அம்மா, வார்த்தைதான் தப்பு.

முந்நூறு பேரும் கேட்கட்டும். நானும் மலையில் கேட்கிறேன். யார் காதில் விழுந்தாலும் சரி, தேதி தவறாமல் வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
மாடி விளக்கைப் போட்டு வைத்திருக்கும்
உன் நைனா